பேச்சு உடைந்த எழுத்தன்று

எழுத்தின் அளவுகோலால் பேச்சை அளப்பது நம் கல்விக்கூடங்களில் ஊறிப்போன பழக்கம். ஆங்கிலம் என்று வந்துவிட்டால் அது இன்னும் கடுமையாகிவிடுகிறது. வாய் திறந்தால் முழு வாக்கியம் வரவேண்டும். எழுவாயும் பயனிலையும் இசையவேண்டும். இடையில் தயங்கக் கூடாது. அப்படிப் பேசுவோரையே நல்ல ஆங்கிலம் பேசுகிறார் என்று வியக்கிறோம். ஆனால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் அவ்வாறு பேசுவதில்லை.

இது வெறும் ஊகமன்று. 1959இல் ராண்டால்ஃப் குவர்க் தொடங்கி, பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வளர்ந்த ஆங்கில வழக்காய்வு, 10 இலட்சம் சொற்கள் கொண்ட தன் தொகுப்பில் சரிபாதியைப் பேச்சுக்கு ஒதுக்கியது. 1990களில் உருவான பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுப்பில் 10 கோடிச் சொற்கள். அவற்றுள் ஏறத்தாழ 1 கோடி பேச்சிலிருந்து வந்தவை. தன்னார்வலர்கள் ஒலிப்பதிவுக் கருவியை உடன் வைத்துக்கொண்டு தம் அன்றாட உரையாடல்களையே பதிவு செய்து தந்தனர்.

இத்தகைய பதிவுகளில் என்ன காண்கிறோம்? 'மை பிரதர், ஹி நெவர் ரைட்ஸ்' என்று பேசுபொருளை முதலில் நிறுத்திவிட்டுப் பின் செய்தியைச் சொல்கிறார்கள். 'இட்ஸ் லவ்லி, திஸ் டீ' என்று பெயரைக் கடைசியில் ஒட்டுகிறார்கள். இருவர் நின்றாலும் 'தேர்ஸ் டூ மென் அட் த டோர்' என ஒருமையில் தொடங்குகிறார்கள். 'ஸீன் ஹிம்?' என்பதில் எழுவாயும் இல்லை, துணைவினையும் இல்லை. கேட்பவருக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை. எதிர்பார்த்த விடையைத் தர இயலாதபோது 'வெல்' என்று தொடங்குவது, மறுப்பின் கூர்மையை மழுக்கும் நாகரிகம்.

காரணம் எளிது. எழுதுபவர் அடித்துத் திருத்தலாம்; படிப்பவர் முன்பக்கம் திரும்பலாம். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் அந்த வசதி இல்லை. எண்ணுவதும் சொல்வதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஆகவே, பேச்சு சிறு சிறு துண்டுகளாக வருகிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. தயக்க ஒலிக்குக்கூட ஒழுங்குண்டு. ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, 'அ' என்னும் ஒலியைத் தொடர்வது பெரும்பாலும் குறுகிய இடைவெளி. 'அம்' என்பதைத் தொடர்வது நீண்ட இடைவெளி. 'சற்றுப் பொறுங்கள், இன்னும் முடிக்கவில்லை' என்று கேட்பவருக்கு விடுக்கும் அறிவிப்பே அது என்பது அவர்கள் வாதம்.

தமிழராகிய நாம் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. நம் மொழியில் எழுத்துக்கும் பேச்சுக்குமான வேறுபாடு சொல்லின் ஈற்றிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்வடிவம் அவ்வளவு மாறுவதில்லை. எனவே இரண்டும் ஒன்றே என்று கருதிவிடுகிறோம். அங்கே வேறுபாடு பெரும்பாலும் தொடரமைப்பில் ஒளிந்திருக்கிறது. 'உங்க அண்ணன், அவரு எங்க இருக்காரு?' என்று நாள்தோறும் கேட்கும் நமக்கு அந்த அமைப்பு அந்நியமும் அன்று. வழக்கு, செய்யுள் இரண்டையும் ஆராய்ந்து எழுந்தது தொல்காப்பியம் என அதன் பாயிரம் கூறுகிறது. அந்த மரபில் வந்த நாம் வழக்கைப் பிழையென்று தள்ளலாமா?

எழுத்தாங்கிலம் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. விண்ணப்பத்துக்கும் கட்டுரைக்கும் அதுவே வேண்டும். ஆனால், கட்டுரை வாக்கியத்தை மனத்தில் முழுதாகக் கட்டி முடித்த பின்னரே வாய் திறக்கவேண்டும் என்று நம் மாணவரைப் பழக்குகிறோம். அவர்கள் கட்டி முடிப்பதற்குள் உரையாடல் வேறிடம் போய்விடுகிறது. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி நேர்காணலில் ஊமையாக அமர்ந்திருப்பதற்கு அவளது அறியாமை காரணமன்று. நாம் புகட்டிய அச்சமே காரணம். வகுப்பறைக்கு இனி மனப்பாட உரையாடல்களை மட்டும் கொண்டுசெல்லாமல், உண்மையான பேச்சின் ஒலிப்பதிவுகளையும் கொண்டுசெல்வோம். ஆங்கிலேயரும் தயங்கித் திருத்தித்தான் பேசுகிறார்கள் என்பதை மாணவர்கள் ஒருமுறை காதாரக் கேட்கட்டும்.