யூத்துன்னா யாரு?

ஒரு படத்துக்கு 'யூத் படம்' என்று பேர் வர என்னவெல்லாம் வேண்டும்? ஒரு காலேஜ். அதில் ஒரு கடைசி பெஞ்ச். சிடுமூஞ்சி பிரின்சிபல் ஒருத்தர். கேன்டீனில் ஒரு பாட்டு, கல்ச்சுரல்ஸில் ஒரு சண்டை. ஹீரோவுக்கு முப்பத்தஞ்சு தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, தோளில் ஒரு பை தொங்கினால் அவர் யூத். முரளியை எந்த டைரக்டரும் கடைசிவரை டிகிரி முடிக்க விடவில்லை என்பது நம் அப்பாக்கள் காலத்து ஜோக். 'இதயம்' வந்தது 1991-இல். அந்த ஜோக் இன்னும் செல்லுபடியாகிறது, அதுதான் கொடுமை.

அரசாங்கக் கணக்கு வேறு. 2014-ஆம் வருஷத்து தேசிய இளைஞர் கொள்கைப்படி 15 வயசிலிருந்து 29 வயசு வரைக்கும் எல்லாரும் இளைஞர். காலேஜில் அட்மிஷன் போட்டிருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை எதுவும் கிடையாது. இன்னொரு வேடிக்கை, இந்த நாட்டு இளைஞர்களை ஆராய்வதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருப்பது எங்கே தெரியுமா? ஸ்ரீபெரும்புதூரில். 1993-லிருந்து இங்கேதான் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போய்வரும் எத்தனை பேர் அந்தப் போர்டைப் படித்திருக்கிறோம் என்று கேட்டால் கை தூக்க ஆள் இருக்காது.

சரி, மேட்டருக்கு வருகிறேன். நம் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காலையில் இங்கே ரெண்டு வகை பஸ் ஓடுகிறது. மஞ்சள் பஸ்ஸில் நாம். வெள்ளை பஸ்ஸில் அவர்கள். அதே வயசு, கழுத்தில் அதேபோல ஒரு டேக், காதில் அதே இயர்போன், அதே அனிருத் பாட்டு. நாம் எட்டு மணிக்கு உள்ளே போனால் நாலு மணிக்கு வெளியே வருவோம். அவர்கள் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். சி ஷிப்ட் முடிந்து ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிற பெண்களை நாம் சிக்னலில் நின்று பார்க்கிறோம். அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தால் யூத், அந்தப் பக்கம் இருந்தால் 'கம்பெனி ஆளு'. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தது யார்? தமிழ் சினிமாவும் நம்ம காலேஜ் கலாச்சாரமும் சேர்ந்துதான் என்கிறேன் நான்.

'எத்தனை பேர் இருக்கப்போறாங்க, சினிமா மெஜாரிட்டிக்குத்தான்டா எடுப்பாங்க' என்று ஒரு நண்பன் வாதாடினான். தம்பி, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக அரசு ஒரு குடியிருப்பைத் திறந்தது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 படுக்கை. படிக்கும்போது ஒருமுறை நிறுத்தி யோசிக்கவும். பதினெட்டாயிரத்து எழுநூற்று இருபது பெண்கள் ஒரே வளாகத்தில் தங்க முடியும். நம் காலேஜ் ஹாஸ்டல், பக்கத்துக் காலேஜ் ஹாஸ்டல், அதற்குப் பக்கத்துக் காலேஜ் ஹாஸ்டல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து மெஜாரிட்டி யார் என்று சொல்லுங்கள். இது ஒரு கம்பெனி ஆட்களுக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடத்து ரெனோ, பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர், இவர்களுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன கம்பெனிகள், எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி படங்களுக்கு வருவோம். 'நண்பன்' (2012) பார்த்துவிட்டு நம்ம ஆட்களில் பாதிப்பேர் தான் தப்பான கோர்ஸில் மாட்டிக்கொண்ட ஜீனியஸ் என்று முடிவுகட்டினார்கள். 'டான்' (2022) அதையே இன்னும் உப்பு காரம் போட்டு சொன்னது. ஹீரோ இன்ஜினியரிங் காலேஜில் அலப்பறை பண்ணி, கடைசியில் டைரக்டர் ஆகிறார். 'டிராகன்' (2025) ஹீரோவுக்கு 48 அரியர். தியேட்டரில் அந்த எண்ணிக்கைக்கு விழுந்த விசிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூன்றும் எனக்குப் பிடித்த படங்கள்தான், 'டிராகன்' ரெண்டு தடவை பார்த்தேன். பிரச்சினை அதுவல்ல. இந்தப் படங்களில் இன்ஜினியரிங் என்பது தப்பித்து ஓடவேண்டிய ஜெயில், அல்லது நாலு வருஷ ஜோக். ஓர் இன்ஜினியர் வேலை செய்கிற இடம் எப்படி இருக்கும், அங்கே யார் யார் இருப்பார்கள் என்பது மட்டும் வராது. மெக்கானிக்கல் படித்தவன் கதையில் ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் கூடக் கேட்காது.

(செல்வராகவனின் '7ஜி ரெயின்போ காலனி', 2004, ஒரு விதிவிலக்கு. உருப்படாதவன் என்று எல்லாரும் ஒதுக்கியவனுக்கு பைக் மெக்கானிசம் தெரியும், அதுவே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கும். கையால் செய்கிற வேலைக்கு ஒரு ஹீரோயின் மரியாதை கொடுத்த தமிழ்ப் படங்கள் எத்தனை? எண்ணிச் சொல்லுங்கள்.)

'வேலையில்லா பட்டதாரி'யைத் தனியாகப் பேசவேண்டும். ஒரு சிவில் இன்ஜினியரை சைட்டில் நிறுத்தி வேலை செய்யவைத்த படம் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. அது வந்தது 2014 ஜூலை. தனுஷ் மொபெட்டில் வந்தால் தியேட்டரே எழுந்து நின்றது. வேலையில்லாத இளைஞனின் வலியைத் தமிழ்நாடே உச்சுக் கொட்டிப் பார்த்தது. அதே 2014-இல் நம் ரோட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 2006-இல் தொடங்கிய நோக்கியா ஃபேக்டரி மூடப்பட்டுக்கொண்டிருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி கதவை ஒரேயடியாகச் சாத்தினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலோர் இருபது சொச்சம் வயசு. விருப்ப ஓய்வு! நம் தாத்தா பேங்கில் வாங்கிய அதே விருப்ப ஓய்வு, நம் அக்கா வயசில்.

வேலையில்லாத ஆட்களைப் பற்றி ஊரே பேசிய வருஷத்தில், வேலையை இழந்த இத்தனை பேரைப் பற்றி ஒரு பாட்டு, ஒரு காமெடி டிராக், ஒரு சைடு கேரக்டர் வரவில்லை. பட்டதாரி இல்லையே, அதனால் வேலையில்லாமல் போனாலும் வி.ஐ.பி. இல்லை போல.

'படம்தானே மச்சி, ஜாலிக்குப் பார்க்கிறது, அதில் போய் ஃபேக்டரியெல்லாம் காட்டினால் எவன் வருவான்?' இது அடுத்த வாதம். வந்தார்கள் சார். ரங்கநாதன் தெரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற பையனையும் பெண்ணையும் வைத்து 2010-இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு' எடுத்தார். ஊரே பார்த்தது. அதில் காதல் இருந்தது, கலாய்ப்பு இருந்தது, பாட்டு இருந்தது. வேலையும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்த்த பிறகு தி.நகரில் சேலை எடுத்துப் போடுகிற பெண்ணின் காலை ஒருமுறையாவது கவனிக்காதவர் கிடையாது. ஒரு படத்தால் அது முடியும் என்றால், முடியாது என்று சொல்கிறவர்களுக்கு சோம்பேறித்தனம் என்றுதான் அர்த்தம்.

இதெல்லாம் சினிமா விமர்சனத்தோடு நின்றால் நான் இவ்வளவு டென்ஷன் ஆகமாட்டேன். யாரை யூத் என்று நினைக்கிறோமோ அவர்களுக்கு நடப்பதுதான் நமக்கு செய்தி. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லாததால், செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவியது. 17-ஆம் தேதி ராத்திரி பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தங்கும் இடமும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12-ஆம் தேதிதான் திரும்பத் திறந்தார்கள்.

ஹாஸ்டல் சாப்பாட்டுக்காகப் போராட்டம்! இதைவிடப் பெரிய காலேஜ் கதை உண்டா? மெஸ் சாம்பாரில் புழு கிடந்ததற்கு ஹீரோ தட்டை எறிகிற சீனை எத்தனை படத்தில் பார்த்திருப்போம், எத்தனை தடவை கை தட்டியிருப்போம். நிஜமாக, ராத்திரி நேரத்தில், நேஷனல் ஹைவேயில், நம் வயசுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதைச் செய்து காட்டினார்கள். நம்ம சீனியர்கள் மத்தியில் அந்த நாளுக்கு இன்றைக்கும் இருக்கிற பேர் 'அந்த டிராஃபிக் ஜாம்'.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு ஸ்டிரைக் தொடங்கினார்கள். அக்டோபர் 15 வரை, 37 நாள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சுங்குவார்சத்திரத்தின் பேரைத் தப்புத் தப்பாக உச்சரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், அந்த இடத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருந்த நம் கிளாஸ் குரூப்பில் நடந்த ஒரே விவாதம், காலேஜ் பஸ் ரூட் மாறுமா என்பது. அந்தத் தொழிற்சங்கம் 2025 ஜனவரியில் பதிவாகிவிட்டது. சர்வே எடுத்துப் பார்த்தேன் (கேன்டீனில், பதினோரு பேரிடம், விஞ்ஞான பூர்வமானதல்ல :-)). ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது. அவன் அப்பா பக்கத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர்.

இன்னொன்று. நம் படங்களில் ஹீரோயினுக்கு வாழ்க்கையின் கிளைமாக்ஸ் கல்யாணம். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. இங்கே ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் தவிர்த்துவந்தது என்பது அதன் சாரம். கம்பெனி, பாகுபாடு பார்ப்பதில்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் துறை மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலி கட்டினால் 'சுபம்' போடுவார்கள் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கான இன்டர்வியூவில் அதே தாலியைப் பற்றிக் கேள்வி வந்தால் அவள் என்ன பதில் சொல்வாள் என்பதில் எவ்வளவு பெரிய காதல் கதை இருக்கிறது! எடுக்க ஆள் இல்லை.

'ஐயோ பாவம்' என்று நான் எழுதுவதாக நினைக்கவேண்டாம். பாவப்பட வேண்டியது யார் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அவள் சம்பாதிக்கிறாள், வீட்டுக்கு அனுப்புகிறாள், தம்பிக்கு ஃபீஸ் கட்டுகிறாள். அந்தத் தம்பி நம் கிளாஸிலேயே உட்கார்ந்திருக்கலாம். நாம் ஜிபே பண்ணச்சொல்லி அப்பாவுக்கு மெசேஜ் போடுகிறோம்.

நம் சைடில் நடக்கிற கூத்து வேறு. ஐ.வி. என்று ஒன்று உண்டு, இண்டஸ்ட்ரியல் விசிட். இண்டஸ்ட்ரி நடுவிலேயே காலேஜ் இருக்கிறது, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு நடந்தே போய் வரலாம். நாம் போவது மூணாறு! டீத்தூள் ஃபேக்டரி வாசலில் ஒரு குரூப் போட்டோ, ரிப்போர்ட்டுக்கு அது போதும். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு டீத்தூள். காலேஜ் பேர் வேண்டாம், எந்தக் காலேஜாக இருந்தாலும் கதை இதுதான் என்று மற்ற காலேஜ் நண்பர்கள் உறுதி சொல்கிறார்கள். கல்ச்சுரல்ஸில் ஐபோன் வைத்து ரீல்ஸ் எடுக்கிறோம். 2019-லிருந்து ஃபாக்ஸ்கான் ஐபோனை இங்கேயே அசெம்பிள் செய்கிறது. அந்த போனை மூடிய கை போன வாரம் கூட் ரோட்டில் நமக்கு முன்னால் பானிபூரி வாங்கிய கையாக இருக்கலாம். 'சீ, கம்பெனிப் பொண்ணு மாதிரி டிரஸ் பண்ணாதடி' என்று அதே ரீல்ஸுக்கு ஒருத்தி கமெண்ட் போடுகிறாள்.

சாபமாக நினைக்காமல் கேளுங்கள், இதில் பெரிய காமெடி என்னவென்றால், பிளேஸ்மென்ட்டில் ஐ.டி. கிடைக்காத கோர் பசங்களில் பலரும் போய்ச் சேரப்போவது அந்த வெள்ளை பஸ்ஸில்தான். டிரெய்னி என்று டேக்கில் போட்டிருக்கும். அப்போது கற்றுக்கொடுக்கப்போவது டிப்ளமோ முடித்துவிட்டு ஏற்கெனவே அந்த லைனில் நிற்கிற, உங்களைவிட ஒரு வயசு சின்னவளான ஒரு அக்கா. ஆமாம், அக்கா என்றுதான் கூப்பிடுவீர்கள். லைனில் சீனியாரிட்டிக்கு வயசு கணக்கில்லை.

நம் கல்ச்சுரல்ஸில் இந்த வருஷமும் குறும்படப் போட்டி இருக்கிறது. தலைப்பு 'யூத்', மூச்சு முட்டச் சிரித்தேன். போன வருஷ என்ட்ரிகளில் முக்கால்வாசி, கேமரா பார்த்து அழுகிற இன்ஜினியரிங் பையன் டைரக்டர் ஆக ஆசைப்படுகிற கதை. விதிமுறை மூன்றாவது பாயிண்ட், போட்டியாளர் கல்லூரி அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். கம்பெனி அடையாள அட்டை வைத்திருக்கிற 21 வயசுக்காரர்களையும் டீமில் சேர்க்கலாமா என்று கமிட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். என்னோடு சேர்ந்து கேட்க விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுங்கள், தாள் லேப் அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுத ஆள் தேவையில்லை. மாத்தூரில் தங்கி பி ஷிப்ட் போகிற ஒருத்தர் ஏற்கெனவே பதினாறு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.