மூடப்பட்ட மலைப்பாதை

மாவீரன் நெப்போலியன் பிறந்த தீவு கார்சிகா. பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலுக்குள் ஒரு மலையைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கும். அதன் உயர்ந்த சிகரம் 2,706 மீட்டர்.

தீவின் வடக்கே உள்ள கலென்சானாவில் இருந்து தெற்கே கோங்கா வரை, மலை மீதே ஒரு நடைபாதை போகிறது. நீளம் சுமார் 180 கிலோ மீட்டர். நடந்து முடிக்க இரண்டு வாரம் ஆகும்.

அந்தப் பாதையில் "தனிமைப் பள்ளம்" என்று ஓர் இடம். செங்குத்தான பாறை. சங்கிலியைப் பிடித்து இறங்கி, எதிர்ப் பாறையில் ஏற வேண்டும். அதைக் கடந்தவன்தான் வீரன் என்று பேச்சு!

2015-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி அங்கே பேய் மழை கொட்டியது. பாறையும் சேறும் சரிந்தன. 7 பேர் மாண்டார்கள்.

அந்த வழி மூடப்பட்டது. வேறு வழி போட்டார்கள். "பாதையின் சிறப்பே போயிற்று" என்று சிலர் அங்கலாய்த்தார்கள். வீண் பேச்சு. புது வழி மட்டும் பூப்பாதையா? 2,600 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. வீரம் காட்ட அது போதாதா?

கோடையில் அங்கே காலை வானம் தெளிவாக இருக்கும். பிற்பகலில் திடீரென்று இடி இடிக்கும். அதனால்தான் பழகியவர்கள் விடியுமுன் கிளம்பி, நண்பகலுக்குள் அடுத்த விடுதியில் ஒதுங்கிவிடுகிறார்கள். லீவு போட்டு, பணம் செலவழித்து வந்தவர்களுக்கோ ஒரு நாள் சும்மா இருக்க மனம் வராது. மேகம் கறுத்தாலும் மூட்டையைத் தூக்கிவிடுகிறார்கள். விடுதிக்காரர் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுதியில் படுக்கையும் உண்டு. சமைக்க அடுப்பும் உண்டு.