கடிதம் ஜப்பானில், கார் கண்டியில்

காருக்குள் பெற்றோல் மணக்கிறது என்றால் நம்மவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார்கள். இந்த அலட்சியத்துக்காக வாகன உரிமையாளரை மட்டும் குறைகூற நான் தயாரில்லை. அந்த மணம் எதனால் வரக்கூடும் என்பதை அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் வாய்திறப்பதில்லை. வாய்திறக்கும்படி அவர்களை எவரும் நிர்ப்பந்திப்பதுமில்லை.

2016 ஜூன் மாத இறுதியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் சுமார் 28 இலட்சத்து 70 ஆயிரம் வாகனங்களைப் பழுது நீக்குவதற்காகத் திரும்ப அழைத்தது. பிரியஸ், ஓரிஸ், கொரோலா ஆகியன அவற்றுள் அடக்கம். 2006 ஏப்ரலுக்கும் 2015 ஓகஸ்டுக்கும் இடையில் தயாரானவை அவை. தாங்கியிலிருந்து எழும் பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கனிஸ்டர் என்ற பாகத்தில் வெடிப்பு உண்டாகலாம். அது நாளடைவில் விரிந்து, தாங்கி நிறைந்திருக்கும் வேளையில் எரிபொருள் கசியலாம் என்பதே காரணம். 2011 ஜனவரியிலும் எரிபொருள் கசிவு அச்சத்தால் இதே நிறுவனம் சுமார் 17 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்திருந்தது. அவற்றில் பெரும்பகுதி ஜப்பானிலேயே விற்கப்பட்டவை.

ஜப்பானில் விற்கப்பட்டவை என்றால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். அங்கே ஓடியதைத்தானே நாம் ரீகண்டிஷன் என்ற பெயரில் வாங்கி ஓட்டுகிறோம்! தயாரிப்பாளரின் கடிதம் ஜப்பானியப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரைத் தேடிப் போகிறது. காரோ கப்பலேறி, கடுகண்ணாவை ஏறி, கண்டிக்கு வந்துவிட்டது. கடிதம் எழுதியவருக்குக் கார் இருக்கும் இடம் தெரியாது. காரை வைத்திருப்பவருக்குக் கடிதம் வந்த செய்தி தெரியாது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகன விற்பனை செய்யும் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். ஏலத்தில் கிடைத்த தரப்புள்ளி, ஓடிய கிலோமீற்றர், உள்ளலங்காரத்தின் நிறம் யாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தார். திரும்ப அழைக்கப்பட்ட வாகனமா என்று பார்த்தீர்களா என்றதும், "அது ஜப்பான்காரன் பார்க்கவேண்டிய வேலை ஐயா" என்றார். இதையெல்லாம் கிளறினால் விலை விழுந்துவிடும் என்பது அவரது அச்சம். விலை விழுமென்று குறையை மறைத்து விற்பதற்கு வியாபாரம் என்று பெயரில்லை.

அரசாங்கத்தின் சாட்டு என்ன? கோடிக்கணக்கான ரூபா தேவை, அடிச்சட்ட இலக்கங்களைத் திரட்டுவது கடினம் என்பார்கள். 2022 ஜூலையில் என்ன நடந்தது என்பதை அவர்கள் மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. எரிபொருள் வரிசையில் மக்கள் நாட்கணக்காகக் காய்ந்துகிடந்தபோது, வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், அடையாள அட்டை, கைத்தொலைபேசி அனைத்தையும் முடிச்சுப்போட்டு கியூஆர் அட்டை கொடுத்தது இதே அரசு இயந்திரம்தான். பெற்றோலை அளந்து கொடுப்பதற்கு உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தப் பெற்றோல் கசியக்கூடும் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மட்டும் முடியாதா?

இந்தியா தனது மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தி, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. 2021 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நாமோ புதிய சட்டமொன்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் புகைப்பரிசோதனைக்குப் போகிறோம். பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறோம். அந்த வேளையில் அடிச்சட்ட இலக்கத்தைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இறக்குமதியாளர் வாகனத்தைத் துறைமுகத்திலிருந்து எடுக்குமுன்னரே அந்த ஒப்பீட்டைச் செய்து, முடிவை விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். பல வாகனங்களுக்கு அவற்றின் விலையையும் மிஞ்சும் வரியை வாங்குகிற அரசு, இந்தச் சிறு கைம்மாறையாவது செய்யக்கூடாதா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாம் பழைய கார்களைப் பொன்போல் பேணி ஓட்டினோம். பத்துப் பதினைந்து வயதான அந்தக் கார்களுக்கு வேண்டிய எச்சரிக்கை இன்னும் நிலுவையில் கிடக்க, புதிய கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன.

அரசு விழிக்கும்வரை நாம் உறங்கவேண்டியதில்லை. பதிவுச் சான்றிதழை எடுத்து அடிச்சட்ட இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் இணையத்தளத்தில் அதைப் பதிந்தால், பழுது நிலுவையில் உள்ளதா என்று அறியலாம். மொழி புரியாவிட்டால் பிள்ளைகளின் கைத்தொலைபேசி மொழிபெயர்த்துத் தரும். பம்பு தானாக நின்றபின், "இன்னும் கொஞ்சம்" என்று வாய்வரை நிரப்பாதீர்கள். பெற்றோல் மணத்தால் வண்டியைக் கிளப்பாமல் தொழில்நுட்பம் தெரிந்தவரை அழையுங்கள்.

பெரஹராக் காலத்தில் நமது நகரத் தெருக்களில் வாகனங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஒரு தாங்கி கசிந்தால், ஆபத்து அந்த ஒரு காரின் சொந்தக்காரருக்கு மட்டுமானதா?