பொற்காலம் எது?

“எங்கள் காலத்தில் மாணாக்கர் இவ்வாறா இருந்தனர்?” என்று ஒருமுறையேனும் அலுத்துக்கொள்ளாத ஆசிரியர் அரியர். இதனை எழுதுவோனும் அதற்கு விலக்கல்லன். சென்ற காலத்தைப் போற்றி நிகழ்காலத்தைத் தூற்றும் இம்மனப்பான்மையை ஒரு காதற் கதையின் வாயிலாக ஆராயும் படமொன்றைப் பற்றி இவ்வாரம் சில சொல்ல விழைகின்றேன். 2011ஆம் ஆண்டில் வூடி அலன் எழுதி நெறிப்படுத்திய ‘மிட்நைற் இன் பாரிஸ்’ என்பதே அது. மறு ஆண்டிற் சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது.

கதாநாயகனாகிய கில், ஹொலிவூட்டிற் படக்கதை எழுதிப் பொருளீட்டும் அமெரிக்கன். நாவலாசிரியனாக வேண்டுமென்பதே அவன் வேட்கை. மணம் பேசிய பெண்ணோடு பாரிஸ் வந்த அவனுக்கு 1920களின் பாரிஸே சுவர்க்கமாகத் தோன்றுகின்றது. ஓரிரவு வழி தவறித் தேவாலயப் படிகளில் அமர்ந்திருக்கின்றான். மணி பன்னிரண்டு அடிக்கின்றது. பழைய மோட்டார் வண்டியொன்று வந்து அவனை அக்காலத்துக்கே அழைத்துச் செல்கின்றது! அங்கே ஹெமிங்வே, பிக்காசோ முதலியோரைக் காண்கின்றான். அட்ரியானா என்னும் அழகியிடம் மனத்தைப் பறிகொடுக்கின்றான்.

அட்ரியானாவோ தன் காலத்தை வெறுக்கின்றாள். 1890களே பொற்காலம் என்கின்றாள். ஒரு குதிரை வண்டி இருவரையும் அக்காலத்திற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. ஆங்குள்ள ஓவியர் தெகாவும் கோகனுமோ, மறுமலர்ச்சிக் காலத்தை எண்ணி ஏங்குகின்றனர்! கில்லின் கண் திறக்கின்றது. அவள் அங்கேயே தங்கிவிட, அவன் தன் காலத்துக்கு மீள்கின்றான்.

வரலாறும் கில்லின் பக்கமே நிற்கின்றது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த போரிற் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர் மாண்டனர். அவர்தம் கைம்பெண்களும், போரில் உறுப்பிழந்தோரும் நடமாடிய நகரமே 1920களின் பாரிஸ். பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல். மருந்தாகப் பரவியதோ 1940களில். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். அட்ரியானா விரும்பிய 1890களிலேதான், குற்றமற்ற இராணுவ அதிகாரி திரைபஸ் யூதராகப் பிறந்தமையால் துரோகியெனப் பழிக்கப்பட்டுச் சிறைத்தீவுக்கு அனுப்பப்பட்டார். ‘அழகிய காலம்’ என்ற பெயரும் அக்காலம் கழிந்த பின்னர் இடப்பட்டதே.

இத்துயர்களைப் படம் காட்டாது விட்டமை ஒரு குறையே. விருந்தும் ஆடலுமே அதிற் பெரிதும் தோன்றுகின்றன. மணம் பேசிய பெண்ணையும் வெறும் ஆடம்பரப் பாவையாக்கிவிட்டனர். ஆயினும் பழமையை இகழ்க என்று படம் போதிக்கவில்லை. பழைய பாரிஸில் வாழ்ந்த கேட்ரூட் ஸ்ரைன் அம்மையார் கூறும் அறிவுரையாலன்றோ கில்லின் நாவல் சீர்பெறுகின்றது? முன்னோரிடம் கற்றுக்கொண்டு தன் காலத்துக்குத் திரும்பியவன், இறுதியிற் பழைய இசைத்தட்டு விற்கும் மங்கையொருத்தியோடு மழையில் நனைந்தபடி நடக்கின்றான்.

இப்படத்தைப் பார்த்த மறுநாள் வகுப்பிற்குச் சென்றபோது, வழக்கமான அலுப்பு நாவின் நுனிவரை வந்து நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து குறும்பு செய்யும் அச்சிறுவர், முப்பது ஆண்டுகள் கழித்துத் தம் பிள்ளைகளிடம், “எங்கள் காலத்தில்…” என்று தொடங்குவார்களல்லவா? அவர்கள் அன்று எண்ணி ஏங்கப்போகும் பொற்காலத்திலேதான் நான் சுண்ணக்கட்டியுடன் நிற்கின்றேன். அதனை அலுப்பினாற் கெடுத்துவிடலாமோ?