தோல் ஷாப் பையன்களும் கஞ்சாவும்

காட்பாடி ஜங்ஷனில் தன்பாத்–ஆலப்புழை ரயில் வந்து நின்றபோது, முன்பதிவில்லாத பெட்டியில் யாரும் உரிமை கோராத பை ஒன்று கிடந்ததென்றும், ரயில்வே போலீசார் அதைத் திறந்து பார்க்க உள்ளே இத்தனை கிலோ கஞ்சா இருந்ததென்றும் வரும் செய்தி நம் வட்டாரத்து வாசகருக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து இவ்வழியே வந்து சேரும் சரக்கைத் தடுப்பதில் போலீசார் காட்டும் சிரத்தையைக் குறை சொல்வதற்கில்லை. 2022 பிப்ரவரியில் அனகாப்பள்ளி அருகே ஆந்திரப் போலீசார் ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கஞ்சாவை எரித்ததும், அதே ஆண்டில் தமிழகக் காவல்துறை ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’யின் இரண்டாம் கட்டத்தை நடத்தியதும் நாம் அறிந்தவையே. ஆயினும் இத்தனைக்குப் பிறகும், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பொட்டலம் தேடிப் புறப்படும் பையன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கைப்பற்றிய கிலோக் கணக்கை மாதந்தோறும் படிக்கும் நமக்கு அந்தப் பையனைப் பற்றிய கணக்கு எங்குமே கிடைப்பதில்லை.

கஞ்சா நமக்கு அந்நியமான செடியன்று. பாலாற்றுக்குத் தெற்கே நிற்கும் ஜவ்வாது மலையிலேயே பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சர்க்கார் லைசென்ஸின் கீழ் அது பயிராயிற்று. சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து மருந்துகளில் சேர்த்தனர். கல்கத்தாவில் 1839-ஆம் ஆண்டு வாக்கில் டாக்டர் ஓஷானஸி அதை ரண ஜன்னிக்கும் குழந்தைகளின் வலிப்புக்கும் கொடுத்துப் பரீட்சித்தார். அதே செடியின் போதை தராத அம்சமான கன்னாபிடயால், குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் உண்டாகும் குமட்டலைத் தணிக்கவும் கஞ்சாவின் சத்து பயன்படுகிறது. 1893–94-இல் விசாரணை நடத்திய இந்தியச் சணல் மருந்துக் கமிஷன், மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கில்லையென்று கருதிப் பூரணத் தடை வேண்டாமென்றே சிபாரிசு செய்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றை ஒரு பதினாறு வயதுப் பையனுக்குச் சமாதானமாகச் சொல்பவர், வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தையும், தெருமுனையில் வாங்கிப் பீடித் தூளோடு கலந்து இழுக்கும் புகையையும் ஒன்றாக்கி, அறிந்தோ அறியாமலோ அவனுக்குத் துரோகம் செய்கிறார். மிதமிஞ்சிய உபயோகம் தேகத்தையும் மனத்தையும் கெடுக்குமென்று அதே கமிஷன் எழுதியதை அவர் சொல்வதில்லை.

மனித மூளை இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சி பெறுகிறது. அதற்கு முன் கஞ்சாவின் போதைச் சத்து இடைவிடாமல் அதில் பாய்ந்தால் ஞாபகசக்தியும் ஏகாக்கிர சிந்தையும் மங்குவதோடு, சிலருக்குச் சித்தப்பிரமையே உண்டாகிறது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 வாலிபர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியான ஆய்வில், பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு, புகைக்காதவர்களைக் காட்டிலும் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வம்ச வாசனையும் பிற சூழலும் இதில் கலந்திருக்கலாம். ஆனால் தன் பிள்ளையின் ரத்தத்தில் என்ன வாசனை உறங்குகிறதென்று எந்தத் தாயால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? உபயோகிப்பவரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரும், பருவ வயதிலேயே தொடங்கியவரில் ஆறில் ஒருவரும் அதற்கு அடிமையாகிறார்கள். நிறுத்தினால் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை. நெடுநாள் புகைத்தவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தி வரும், வெந்நீரில் குளித்தால் மட்டுமே சற்று அடங்கும். வயிற்று வியாதியென்று டாக்டர் டாக்டராக அலையும் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நம் ஊர்களில் இதற்கு வேறோர் அபாயமும் உண்டு. தோல் பதனிடும் ஷாப்பில் சுழலும் டிரம்முக்கும், தோலைச் சீவும் ஷேவிங் மெஷினுக்கும், ஷூ கம்பெனியில் ஓங்கி இறங்கும் கிளிக்கிங் பிரஸ்ஸுக்கும் எதிரே நிற்பவனுக்கு, காலத்தையும் தூரத்தையும் மட்டிடும் புத்தி ஒரு கணம் பிசகினால் விரல் போகும், கையே போகலாம். படிப்பை நிறுத்திவிட்டு, ஆர்டர் உள்ள மாதத்தில் நாளுக்குப் பத்து மணி நேரமும், ஆர்டர் இல்லாத மாதத்தில் பூஜ்யமுமாக வேலை பார்க்கும் பையன் உடம்பு வலிக்கும் மனச் சலிப்புக்கும் மருந்தாகவே கஞ்சாவை எடுத்துக்கொள்கிறான். அவன் கண் சிவந்திருப்பதைக் கண்ட மேஸ்திரி அன்றே அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். மறுவாரம் அவன் வேறொரு தோல் ஷாப்பில் அதே மெஷின் முன் நிற்கிறான். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கமென்று பழியை அவர்கள் தலையில் கட்டுவதும் சரியல்ல. நம் வீட்டுப் பையன் நம் தெருவிலேதான் கற்றுக்கொள்கிறான்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்துபவனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. அது நியாயமே. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டவன் போதைக்கு அடிமையாயிருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து முழுச் சிகிச்சையும் பெற்றால் அவன்மீது வழக்குத் தொடரலாகாது என்கிறது. கஞ்சாவுக்குச் சிறிய அளவென்பது 1 கிலோவுக்குக் குறைவானது. இந்தக் கருணையைச் சட்டம் எழுதிவைத்திருப்பதை எத்தனை பெற்றோர் அறிவார்கள்? மகளுக்கு வரன் தவறிவிடுமோ, அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று அஞ்சி மகனின் நோயை மறைத்து வைத்து, ஒருநாள் போலீஸ் ஜீப் வாசலில் நின்ற பிறகுதானே வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள்! பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு உறவினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையைப் பல்லாண்டுகளாக நடத்திவருகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14446 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

ஆகவே நம் மாவட்ட நிர்வாகங்களிடம் நான் வேண்டுவது இது: சிறிய அளவோடு பிடிபடும் ஒவ்வொருவனுக்கும், அவன் குடும்பத்துக்கும், 64-ஏ பிரிவைத் தமிழிலும் உருதுவிலும் விளக்கும் ஒரு தாளைக் காவல் நிலையத்திலேயே கொடுக்க வேண்டும், மாதந்தோறும் கைப்பற்றிய கிலோக் கணக்கை வெளியிடும்போது, சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களின் தொகையையும் பெயர் குறிப்பிடாமல் வெளியிட வேண்டும். தோல் ஷாப் முதலாளிகளிடம் வேண்டுவது, கண் சிவந்த பையனை வாசலோடு அனுப்பிவிடாமல், மெஷினிலிருந்து மட்டும் விலக்கி, சிகிச்சைக்கு விடுப்புக் கொடுத்து, அவன் திரும்பி வரும்வரை அவனுடைய வேலையை அவனுக்காக வைத்திருக்க வேண்டுமென்பதே.