இரண்டாம் பாகம் வரும்வரை

நான் பணிபுரியும் வடமாநிலப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நூலகத்திலிருந்து எடுத்த ஆங்கிலப் புதினம் ஒன்றை இரண்டே நாளில் படித்து முடித்தாள். அதன் இரண்டாம் பாகம் நூலகத்தில் இல்லையே என்று அன்றுமுதல் ஏங்கத் தொடங்கினாள். அது நடைப்பிணங்களைப் பற்றிய கதை. பேய்க்கதைக்கு இத்தனை ஏக்கமா என்று ஆசிரியர் அறையில் சிலர் நகைத்தனர். அந்நூலை வாங்கிப் படிக்கும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஜஸ்டினா அயர்லாந்து என்னும் அமெரிக்க எழுத்தாளர் இளையோருக்காக எழுதி, 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிரெட் நேஷன்’ என்பதே அப்புதினம். 1863ஆம் ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நிகழ்ந்தது, இது வரலாறு. அக்களத்தில் மாண்டோர் எழுந்து நடந்தனர் என்பது கற்பனை. அதன்பின் கறுப்பினச் சிறாரும் தொல்குடிச் சிறாரும் போர்ப்பயிற்சிப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக அனுப்பப்படுகின்றனர். நடைப்பிணங்களை வெட்டி வீழ்த்தி வெள்ளையரைக் காப்பது அவர்தம் கடமையாகிறது. பால்டிமோரில் அத்தகைய பள்ளியொன்றில் பயிலும் ஜேன், அரிவாள் ஏந்தியவளாய் நமக்குக் கதை சொல்கிறாள்.

பிணங்களைக் காட்டிலும் அப்பள்ளிகளே என்னை அச்சுறுத்தின. ஏனெனில் அவை முற்றிலும் கற்பனையல்ல. 1879ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் தொல்குடிக் குழந்தைகளுக்கென உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே அவர்களுடைய தலைமுடி கத்தரிக்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசுவது தடைசெய்யப்பட்டது. இத்தகைய பள்ளிகளே தம் கற்பனைக்குத் தூண்டுகோல் என்று நூலாசிரியரே கூறியுள்ளார். தாய்மொழியைக் கற்பிப்பதற்காகவே ஊரைவிட்டு இத்தனை தொலைவு வந்திருக்கும் எனக்கு, அச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

‘டெத்லெஸ் டிவைட்’ என்னும் இரண்டாம் பாகம் 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. முதல் நூலை உடனே வாங்கிப் படித்தவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். இன்றோ இரு பாகங்களையும் ஒரே நாளில் வருவித்துக்கொள்ளலாம். ஆயினும் இரண்டையும் ஒரே மூச்சில் படித்து முடிப்பது இழப்பு என்பேன். இதை வகுப்பில் கூறியபோது அம்மாணவி ஒப்பவில்லை. காத்திருந்தவர்கள் வேறு வழியின்றிக் காத்திருந்தனர், அதில் என்ன சிறப்பு என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. வாசகரை ஏங்கவிட்டு விற்பனையைப் பெருக்குவதற்கென்றே நீட்டப்படும் தொடர்களும் உண்டு.

ஆனால் இந்நூல் நிற்குமிடம் அத்தகையதன்று. வேலியிட்ட சம்மர்லாந்து நகரம் பிணங்களின் படையெடுப்பில் வீழ்கிறது. ஜேனும் கேத்தரினும் அங்கிருந்து வெளியேறுகின்றனர். கேத்தரினும் கறுப்பினப் பெண்ணே. எனினும் பார்ப்பவர் வெள்ளையர் என்று கருதும் நிறத்தினள். தொடக்கத்தில் ஜேனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது, பின்னர் தோழியாகிறாள். நாம் அவளை ஜேனின் கண்வழியாக மட்டுமே காண்கிறோம். தன்னை மறைத்து வாழ நேர்ந்தபோது அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

இக்கேள்வியை நான் எழுப்பவில்லை, அம்மாணவியே எழுப்பினாள். நூல் கிடைக்காத மூன்றாம் வாரத்தில், கேத்தரின் பேசுவதாகத் தன் குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதி வந்தாள். தமிழில் எழுதியிருந்தாள். வீட்டில் தமிழ் பேசினும், பத்து வரிக் கட்டுரைக்கே பலமுறை நினைவூட்ட வேண்டிய பெண் அவள்! ரகர றகரப் பிழைகள் மலிந்திருந்தன. சிவப்பு மையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பாகத்தில் ஜேனோடு கேத்தரினும் மாறி மாறித் தன் கதையைத் தானே சொல்கிறாள் என்பதை அப்போது நான் அவளுக்குக் கூறவில்லை. நூலகர் அந்நூலைக் கொள்முதல் பட்டியலில் சேர்த்திருந்தார். அது வந்து சேர்வதற்குள் இன்னும் நான்கு பக்கம் எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.