தீர்ப்பைச் சுருக்கி எழுதக் கற்றுத் தாருங்கள்
சிறுவாச்சூர் வட்டாரச் சட்ட மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

சட்டக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டம் வகுப்போருக்கும், பெரம்பலூர், அரியலூர் வழக்கறிஞர்களுக்கும்:

மதுரகாளியம்மன் கோயில் ஊரிலிருந்து பஸ் ஏறிச் சட்டம் படிக்கப் போகிறவர்கள் நாங்கள். வீட்டில் முதல் ஆளாகச் சட்டப் புத்தகம் தொட்டவர்களே எங்களில் அதிகம். குற்றவியல் வழக்குச் சுருக்கம் எழுதச் சொன்னால் கைடைப் பார்த்து நான்கு வரி எழுதுகிறோம். அது போதாது.

பழனிக் கவுண்டன் வழக்கையே பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம், 1919. கணவன் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான். மயங்கியவள் செத்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலை போலத் தெரியத் தூக்கில் மாட்டினான். உயிர் போனது கயிற்றில்தான். கைடு ‘கொலை அல்ல’ என்று முடித்துவிடுகிறது. ஏன் அல்ல? அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை. தூக்கில் மாட்டியபோதோ, பிணம் என்றே நினைத்தான். ஆகவே கொடுங்காயக் குற்றம் மட்டுமே நின்றது. 1943இல் தவமணி வழக்கிலும் தாக்கினார்கள், இறந்ததாக எண்ணிக் கிணற்றில் போட்டார்கள். அங்கே கொல்லும் எண்ணம் முதலிலேயே இருந்தது, அது கொலை. இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்ட சுருக்கம் எழுதியும் பயனில்லை.

ஆகவே கேட்கிறோம். வாரம் ஒரு தீர்ப்பை முழுசாக வாசிக்கச் செய்யுங்கள். நடந்தது என்ன, எழுந்த கேள்வி என்ன, எந்தப் பிரிவு, என்ன முடிவு, அதற்கு என்ன காரணம் என்று சொந்த வார்த்தையில் ஒரே பக்கம் எழுத வையுங்கள். திருத்தித் திருப்பிக் கொடுங்கள். மதிப்பெண்ணில் பாதியைக் காரணத்துக்கு ஒதுக்குங்கள்.

1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலையின் வரையறை பழைய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவிலிருந்து இதன் 101க்குப் போய்விட்டது. பழைய தீர்ப்புகளில் பழைய எண்களே இருக்கும்; இரண்டையும் குறித்து எழுதப் பழக்குங்கள்.

கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத 1976இலேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. தமிழில் எழுதும் சுருக்கத்துக்கும் சம மதிப்பு வேண்டும்.

வழக்கறிஞர் ஐயா, அம்மா அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: முடிந்துபோன செஷன்ஸ் வழக்குகளின் தீர்ப்பு நகல்களை எங்களுக்கு வாசிக்கக் கொடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை எங்களோடு உட்காருங்கள்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் பதில் தாருங்கள்.